மூன்றாம் எண் சாட்சி

1

இந்தக் கதை எனக்குப் போலீஸ் ஸ்டேஷனில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடைத்தது. நான் சொல்லச் சொல்ல எதிரே இருந்தவர் இரண்டு விரல்களால் தட்டச்சு செய்தார். முடிந்ததும் படித்துக் காட்டினார். ஒன்றேகால் பக்கம். அதில் ‘சாட்சி’ என்ற சொல் பதினொரு தடவை வந்தது. நாலு தடவை அது நான். ஏழு தடவை அது ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டர் பட்டை.

“படிக்கிறவனுக்குத் தலை சுத்தும்யா,” என்றார். “இந்தச் சாட்சி, அந்தச் சாட்சின்னு. செவுத்துல இருக்கறதுக்கு வேற பேரே கிடையாதா?”

“கிடையாது சார்.”

“யாரு வச்ச பேரு?”

“கொத்தனாருங்க.”

“அதானே பார்த்தேன்.”

பழைய சுவரில் விரிசல் இருந்தால் முதலில் தெரிய வேண்டியது அது உயிரோடு இருக்கிறதா என்பதுதான். விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டரால் ஒரு பட்டை போடுவோம். ஈரம் காய்வதற்குள் ஆணியால் தேதியைக் கீறுவோம். பிளாஸ்டருக்கு வளையத் தெரியாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் பட்டை உடையும். ஒரு வருஷம் உடையாமல் இருந்தால் விரிசல் செத்தது என்று அர்த்தம். உடைந்தால் சுவர் இன்னும் நடக்கிறது. அந்தப் பட்டையின் பேர்தான் சாட்சி.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நதேஜ் நின்றிருந்தாள். எங்கள் மேஸ்திரி ரெஜிஸ் பொஜாந்தரின் மனைவி. ப்ரிசோல் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலின் கல் வளைவு அவன் மேல் விழுந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா?”

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்தேன். பஸ் வரவில்லை. அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். ப்ரிசோலில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் யாரும் இல்லை என்ற தைரியம்.

2

முதல் தொடக்கம்: பன்னிரண்டாம் நூற்றாண்டின் வெண்கல்லில் மாலை வெயில் தேன்போல வழிந்துகொண்டிருந்த—

(அடித்துவிட்டேன். இருபத்தாறு வருஷமாக அந்தக் கல்லைச் சுமக்கிறேன். அதில் தேன் வழிந்து பார்த்ததில்லை. தண்ணீர் வழியும்.)

இரண்டாம் தொடக்கம்: ரெஜிஸ் பொஜாந்தர் செத்தபோது அவன் வாயில் வால்நட் கேக் இருந்தது.

(இதை எழுதிவிட்டு இரண்டு நாள் எனக்கே என்னைப் பிடித்திருந்தது. பொய். கேக்கை அவன் முந்தின வெள்ளிக்கிழமையே தின்று முடித்திருந்தான். திங்கட்கிழமை காலை அவன் வாயில் இருந்தது பல் குத்தும் குச்சி. முதல் வரிக்குக் கேக் எடுப்பாக இருந்தது. செத்தவன் வாயில் எடுப்பானதைக் கொண்டுபோய் வைக்க நான் யார்.)

மூன்றாம் தொடக்கம்: தப்பு சிமெண்டில் ஆரம்பித்தது.

(இது இருக்கட்டும். பார்க்க நன்றாக இல்லை, ஆனால் நிற்கிறது.)

தப்பு சிமெண்டில் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துக் கல் வெள்ளை, மெத்து. ரம்பத்தால் அறுக்கலாம், நகத்தால் கீறலாம். ஈரத்தைக் குடிக்கும், பிறகு வெளியே விடும். மூச்சு விடுவதைப் போல— (வேண்டாம். கல் மூச்சு விடாது.) அந்த ஈரம் வெளியே வரும் வழி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்து. எண்ணூறு வருஷம் அப்படி நின்ற கோயிலை 1973இல் ஊர்க்காரர்கள் கூடிப் பழுதுபார்த்தார்கள். பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள். பூசை முடிந்ததும் நல்ல சட்டையைக் கழற்றிப் பெஞ்சின் மேல் போட்டுவிட்டு, உதிர்ந்த சுண்ணாம்பைச் சுரண்டினார்கள், அந்த இடத்தில் சிமெண்ட் அப்பினார்கள். உள்ளே, வெளியே, தூண், வளைவு, ஒன்று விடாமல். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. மாட்டிக்கொண்ட ஈரம் ஐம்பது வருஷம் கல்லைத் தின்றது. வெளியே தட்டிப் பார்த்தால் இரும்பு. உள்ளே மாவு.

ஒருத்தரும் கூலி வாங்கவில்லை. அந்தக் கோயிலைக் கொன்றவர்கள் எல்லாரும் அதன் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்.

(இந்த வரியைக் கதைக் கடைசிக்குப் பத்திரப்படுத்தலாமா என்று ஒரு சபலம் வந்தது. இங்கேயே கிடக்கட்டும்.)

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: என் அம்மா காரைக்காலில் சித்தாள். கல்லைப் பற்றி உருகி எழுத எனக்கு வராது. எங்கள் வீட்டில் கல் என்றால் யாரோ தலையில் தூக்க வேண்டியது.)

3

சொலான்ஜ் பிஷரோவுக்கு எழுபத்தொரு வயது. ப்ரிசோலில் கோயில்பிள்ளை வேலை அவளுடையது. யாரும் நியமிக்கவில்லை. கணவன் அர்மான் செத்த பிறகு சாவி அவள் மேலங்கிப் பையிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான். பூசை வைக்கும் பங்குச் சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவார். அவர் கையில் முப்பத்தொரு ஊர். மற்ற நாளில் கோயிலுக்கு வருகிற ஒரே ஆள் இவள். துடைப்பம், வாளி, ஈரத்துணி.

வேலை தொடங்கிய முதல் வாரம். வெளிச்சுவரில் பழைய சிமெண்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தோம். ரெஜிஸ் கத்திக்கொண்டே வேலை செய்கிற ஆள். வாய் நின்றால் உளியும் நின்றுவிடும்.

“எந்தக் கழுதைடா இதைப் பூசினது,” என்றான் சாரத்தின் மேலிருந்து. “கல்லோட சேர்ந்து வருது பாரு. அவன் கைய வெட்டணும்.”

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. “வலது கை ஏற்கெனவே போயிடுச்சு. எண்பத்தொண்ணுல, மரம் அறுக்குற மில்லுல. மூணு விரல்.”

ரெஜிஸ் எட்டிப் பார்த்தான். வாளியோடு சொலான்ஜ் நின்றிருந்தாள்.

“யாருக்கும்மா?”

“கழுதைக்கு. என் வீட்டுக்காரருக்கு.”

ரெஜிஸ் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “மன்னிச்சுக்குங்க மதாம். வாய் கெட்ட வாய்.”

“பரவால்ல விடுங்க. இருந்தப்ப நானே அதைவிடக் கேவலமாத் திட்டியிருக்கேன். ஆனா சிமெண்டுக்காகத் திட்டினதில்ல. அதை நல்லாத்தான் பூசினாரு.”

“ரொம்ப நல்லாப் பூசியிருக்காரு,” என்றான் ரெஜிஸ். “அதான் வரமாட்டேங்குது.”

அவள் சிரித்துவிட்டாள். அந்த வாரக் கடைசியில் வால்நட் கேக் வந்தது. ஒரு தட்டில் பதினாறு துண்டு, மேலே துணி மூடி. என்னிடம் கொடுத்து, “அந்தக் கத்துறவருக்கும் ஒண்ணு குடுங்க, க்ஸவியே தம்பி,” என்றாள். (என் பேர் சவரிமுத்து. அவர்கள் வாயில் அது க்ஸவியே என்றுதான் வரும்.) அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேக். ரெஜிஸ் சிமெண்டைத் திட்டுவதை நிறுத்தவில்லை. திட்டுவதற்கு முன்னால் கீழே எட்டிப் பார்த்துக்கொள்வான்.

சிமெண்ட்தான் கல்லைக் கொன்றது என்று அவளுக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. மரியாதை என்று நினைத்தோம்.

4

நாலு சாட்சிகள் வைத்தோம். மூன்று வெளிச்சுவரில். அவை கடைசி வரைக்கும் உடையவில்லை, அந்த விரிசல்கள் எப்போதோ செத்தவை. மூன்றாம் எண் மட்டும் உள்ளே, பீடத்துக்கு முன்னால் இருந்த பெரிய வளைவின் இடது தூணில். பிரசங்க மேடையின் படியில் ஏறி நின்றால் கைக்கு எட்டும். அதில் தேதியைக் கீறியவன் நான். 14 மார்ச்.

அதற்கு முந்தின வாரம் ஊர்மன்றத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கோயில் ஊருக்குச் சொந்தம். பூட்டுவதும் திறப்பதும் மேயர் கையெழுத்தில். மேயர் கிஸ்லான் தூராய் எழுந்து சொன்னார்:

“ஒரு வருஷம் பாப்போம். சாட்சி நின்னா புதுக் கூரை போடுவோம். உடைஞ்சா அன்னிக்கே பூட்டு. அப்புறம் வெர்லூவுக்கு ஆனதுதான் நமக்கும்.”

வெர்லூ பக்கத்து ஊர். அங்கே கோயிலைப் பூட்டினார்கள். ஆறு வருஷம் கழித்து இடித்தார்கள். இயந்திரம் வந்து இரண்டு நாளில் வேலையை முடித்தது. சொலான்ஜ் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய், இரண்டு நாளும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள்.

தூராய் பேசிய அந்தக் கூட்டத்தில் சொலான்ஜ் இருந்தாள்.

(இங்கே எழுத்து நின்றுவிடுகிறது. இருந்தாள், நான் பார்த்தேன். மேயர் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது இருந்தாளா? அவள் கடைசி வரிசை. கூட்டத்துக்கு நடுவில் எல்லாருக்கும் காபி போட எழுந்து போனாள். எழுந்தது அதற்கு முன்பா, பின்பா? மூன்று வாரமாக அந்த அறையை மண்டைக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. முன்பே எழுப்பிவிட்டால் அவள் ஒன்றும் அறியாதவள். பின்பு எழுப்பினால் அறிந்தே ஒரு ஆளைக் கொன்றவள். ஒரு கிழவி காபி போட எழுந்த நேரத்தில் இருக்கிறது எல்லாம். அந்த நேரத்தில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.)

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நகரத்திலிருந்து கட்டடக்கலை அம்மாள் வருவார். கீழேயிருந்தே மூன்றாம் எண்ணைப் படம் எடுப்பார். ‘அப்படியே இருக்கிறது’ என்று எழுதிக்கொள்வார். அது உண்மை. அப்படியேதான் இருந்தது. வெள்ளையாக, வழவழப்பாக, 14 மார்ச் என்ற தேதியோடு. நானும் தினம் அதைக் கடந்து போனேன். ரெஜிஸும் போனான். யாரும் கை வைத்துப் பார்க்கவில்லை. ஒருத்தன் விரலால் தடவியிருந்தால் போதும்.

ஒரு வருஷம் முடிந்தது. விரிசல் செத்தது என்று தாளில் ஏறியது. ஓக் மரச் சட்டங்களையும் கற்பலகைகளையும் மேலே ஏற்றினோம். மே மாதக் கடைசியில் கூரை முடிந்தது. அவ்வளவு எடையும் போய் இறங்கியது அந்த இடது தூணில்.

5

ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. ரெஜிஸ் மூன்றரைக்கே கிளம்பிவிட்டான். நான் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சொலான்ஜ் வந்தாள்.

“க்ஸவியே தம்பி, ஒரு கரண்டி பிளாஸ்டர் கிடைக்குமா? எங்கிட்ட இருந்த பை தீந்துபோச்சு.”

“வீட்டுல என்ன உடைஞ்சுது மதாம்?”

“வீட்டுல இல்ல, இங்கதான். உங்க பட்டை மறுபடி நூலாட்டம் வெடிப்பு விட்டிருக்கு.”

“எந்தப் பட்டை?”

“தேதி போட்டீங்களே, மேடைகிட்ட.”

“அதை நீங்க பூசினீங்களா? எப்போ?”

“எந்தத் தடவை?”

கையிலிருந்த கரணையைக் கீழே வைத்தேன். “எத்தனை தடவை மதாம் பூசினீங்க?”

“யாரு எண்ணிக்கிட்டிருந்தா. மழையில ரெண்டு தடவை. அப்புறம் நீங்க மேல மரத்தை ஏத்தினப்ப அடிக்கடி. வெண்ணெய்க் கத்தியால இழுத்துவிட்டு ஈர விரலால தேச்சா போதும், நூல் போயிடும். தேதிய மட்டும் அதே மாதிரி திருப்பிக் கீறிடுவேன். நீங்க எழுதினதில்லியா, அழியக் கூடாது பாருங்க.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமே.”

அப்போது அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். தோளைக் குலுக்கிக்கொண்டு, வாளியை எடுத்தபடியே சொன்னாள். அவர்கள் மொழியில் அது நாலைந்து சிறிய சொற்கள், கடைசியில் ஒரு வினை. மேசைவிரிப்பில் கறை பட்டால் அதன் மேல் பூச்சாடியை நகர்த்தி வைத்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். கணக்கில் கைவைத்தவனும் அதையேதான் சொல்வான். இரண்டுக்கும் அங்கே ஒரே வினை. அவர்கள் மொழியில் எழுதியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். தமிழில் எழுத உட்கார்ந்தது தப்பு. தமிழில் அது இரண்டாகப் பிளக்கிறது:

“கண்ணுல படக் கூடாதுல்ல, தம்பி.”

“வெளிய தெரியக் கூடாதுல்ல, தம்பி.”

முதல் வரியை எழுதினால் அவள் வீடு பெருக்குகிறவள். இரண்டாம் வரியை எழுதினால் அவள் மறைத்தவள்.

ஆக, இந்தக் கதையில் இரண்டு சொலான்ஜ் இருக்கிறார்கள். ஒருத்திக்கு அந்தப் பட்டை, நாங்கள் போட்ட ஒட்டு. ஒட்டு பிரிந்தால் தைக்க வேண்டும். மாதா சுரூபத்தின் உடைந்த கால்விரலுக்கு அவளே பிளாஸ்டர் வைத்து வர்ணம் அடித்திருக்கிறாள். எலிப் பொந்தை அடைத்திருக்கிறாள். பீடத்துணியில் எது துணி எது தையல் என்று சொல்ல முடியாது. ‘சாட்சி’ என்று நாங்கள் பேசுவதைக் கேட்டு, அவள் ஏதோ கொத்தனார் கேலி என்று விட்டிருப்பாள். தெரிந்து செய்தவளாக இருந்தால், கொத்தனாரிடமே வந்து பிளாஸ்டர் கேட்பாளா?

இன்னொருத்தி கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுவிட்டு, அப்புறம் எழுந்து காபி போட்டவள். வெர்லூவில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். அவளுக்குப் பிள்ளை இல்லை, புருஷன் இல்லை, காலையில் எழுந்து போக வேறு இடம் இல்லை. சாட்சி உடைந்தால் அன்றைக்கே பூட்டு. அவள் கையில் வெண்ணெய்க் கத்தி இருந்தது. தேதியை எதற்குத் திருப்பிக் கீறினாள்? கட்டடக்கலை அம்மாள் செவ்வாய்க்கிழமை வரவிருந்தார். கடை பதினெட்டு கிலோமீட்டர், வெள்ளி மாலைக்குப் பிறகு பஸ் கிடையாது. பிளாஸ்டருக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. நான் கேள்வி கேட்காத ஆள் என்றும் அவளுக்குத் தெரியும்.

(இரண்டாம் சொலான்ஜை எழுதும்போது பேனா வேகமாக ஓடுகிறது. முதல் சொலான்ஜ் நல்லவள், அதனால் சப்பென்று இருக்கிறாள். ஒரு மனுஷியைக் குற்றவாளியாக்க எழுதுகிறவனுக்கு இது மட்டும் போதுமாக இருக்கிறது என்பதைக் கவனித்தேன். அன்றைக்கு மேலே எழுதவில்லை.)

6

அவளுக்குப் பிளாஸ்டர் கொடுக்கவில்லை. மூட்டை ஈரமாகிவிட்டது என்று சொன்னேன். அவள், “சரி, திங்கக்கிழமை பாப்போம்,” என்று போய்விட்டாள். நானும் வீட்டுக்குப் போனேன்.

போனேன் என்ற ஒரு சொல்லில் நான் இதைத் தாண்டிவிட முடியாது. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரைக்கும் எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. தூண் நகர்கிறது, தாளில் செத்ததாக இருக்கிற விரிசல் உயிரோடு இருக்கிறது. கைபேசியில் ரெஜிஸின் எண் இருந்தது. சனிக்கிழமை இரண்டு தடவை எடுத்து வைத்தேன். ஒரு தடவை அடித்தது, மூன்றாவது மணிக்கு நானே வைத்துவிட்டேன். அவன் திருப்பிக் கூப்பிட்டான்.

“என்னய்யா, கூப்ட்ட?”

“கை பட்டுடுச்சு மேஸ்திரி.”

“உன் கைய முதல்ல வெட்டணும். நாங்க ஆத்துல இருக்கோம், மீன் ஒண்ணு கூடக் கடிக்கல. நதேஜ் சிரிக்கிறா. வச்சிடு.”

வைத்துவிட்டேன்.

அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்குமே என்று தயங்கினேன்— (இது பாதி உண்மை. மீதிப் பாதி: பதினாலு மாதம் நின்றது இரண்டு நாள் நிற்காதா என்று நினைத்தேன். மூன்றாவது பாதியும் உண்டு: வார விடுமுறை.)

மாற்று முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அ. சனிக்கிழமை நான் சொல்கிறேன். ரெஜிஸ் தூண்டிலைப் போட்டுவிட்டு வருகிறான். இரவுக்குள் வளைவுக்கு முட்டுக் கொடுக்கிறோம். மேயர் கோயிலைப் பூட்டுகிறார். ஆறு வருஷத்தில் இயந்திரம் வருகிறது. சொலான்ஜ் மடக்கு நாற்காலியோடு வந்து உட்காருகிறாள். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். கிடைக்கக்கூடியதில் நல்ல முடிவு இதுதான், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆ. திங்கட்கிழமை சொல்கிறேன், ஆனால் லாரிப் பக்கத்தில் நின்று சொல்கிறேன். கோயிலுக்குள் அவன் போவதற்கு முன்னால் முட்டுகளை இறக்கிவிடுகிறேன். வித்தியாசம் நாற்பது அடி தூரம்.

இ. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து சாமியார் வந்த ஞாயிறு, பூசை நடுவில் வளைவு இறங்குகிறது. கீழே முப்பது பேர். (எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கொண்டுவருகிறார்கள். ‘நீ சொன்னதால முப்பது பேர் பிழைச்சாங்க.’ சொல்பவர்கள் யாரும் நதேஜ் வீட்டுப் பக்கம் போய் இதைச் சொன்னதில்லை.)

நடந்தது இது.

திங்கள் காலை எட்டேகால். ரெஜிஸ் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நின்று வேலைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். குச்சியை வாயின் அந்தப் பக்கம் தள்ளினான். மேடைப் படி ஏறினான். கட்டைவிரல் நகத்தால் பட்டையின் ஓரத்தைச் சுரண்டினான்.

“ஆறு,” என்றான்.

“என்ன ஆறு?”

“ஆறு பூச்சு இருக்கு. வெங்காயம் மாதிரி. அடேயப்பா, நம்ம ஆளுங்களைவிட நல்லாப் பூசியிருக்கு கிழவி.” கொஞ்சம் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். “யாருகிட்ட சொன்ன?”

“உங்கிட்ட மட்டும்தான்.”

“நல்லது. அந்தம்மா பேரு வேணாம். நான் தட்டிப் பார்த்தேன், தட்டினப்ப உடைஞ்சுதுன்னு சொல்லிக்கிறேன். அவங்க புருஷன் கைய வேற வெட்டச் சொல்லியிருக்கேன், கடன் இருக்கு.” சுத்தியலை இடுப்பிலிருந்து எடுத்தான். “நிக்காத, போய் முட்டு எடுத்துட்டு வா. நாலு. ஓடு.”

நான் வெளியே வந்து லாரியில் ஏறினேன். இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டதற்கு நான் உவமை சொல்லப்போவதில்லை. புழுதி வாசல் வழியாக வந்து லாரியை மூடியது. மாவு. நாக்கில் பட்டது.

7

ஆய்வு செய்தவர்கள், சுத்தியலால் விழவில்லை, கூரை எடை, எப்படியும் சில நாளில் விழுந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றேகால் பக்கத்தில், ரெஜிஸ் தூணைத் தட்டிச் சோதித்தான் என்று நான் சொல்லியிருக்கிறேன். தூணைத் தட்டினானா, பட்டையைத் தட்டினானா? இரண்டு தட்டு கேட்டது. எதன் மேல் என்று காதுக்குத் தெரியாது. அவளுக்காகத்தான் தட்டினான் என்றால்—

(இந்த வாக்கியத்தை ஐந்து தடவை ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.)

பட்டையைப் பூசியது தான்தான் என்று சொலான்ஜே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். போலீஸில், பேக்கரியில், மேயரிடம், யார் கேட்டாலும். மறைக்கிறவள் இப்படிச் சொல்வாளா? மறைக்க இனி ஒன்றும் இல்லை என்றால் சொல்லலாம். கோயிலைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். தினம் காலையில் வாளியோடு வந்து வேலிக்கு வெளியே நடைபாதையைப் பெருக்குகிறாள். மீதமிருந்த முட்டுகளை எடுக்கப் போனபோது என்னைக் கூப்பிட்டாள்.

“க்ஸவியே தம்பி, அது நான் பூசினதுன்னு அந்த மேஸ்திரிக்குத் தெரியுமா?”

“தெரியாது மதாம்,” என்றேன். யோசிக்கவே இல்லை. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

அவள் தலையை ஆட்டினாள். “நல்லதாப் போச்சு,” என்றாள். திரும்பிப் பெருக்க ஆரம்பித்தாள். எது நல்லதாகப் போனது என்று நான் கேட்கவில்லை. இதையும் இரண்டு விதமாக எழுதலாம், பார்த்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு விசாரணை நீதிபதி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அங்கே எனக்குச் சிக்கல் இல்லை. அவள் சொன்ன வாக்கியத்தை அவள் மொழியிலேயே சொல்லிவிடுவேன். ஒரு எழுத்து மாறாமல். என்ன அர்த்தம் என்பது அவர்கள் பாடு. அதன் பிறகு அவளுக்குச் சிறையோ, வயதைப் பார்த்து வீட்டுக்கோ, அதையும் அவர்கள் எழுதுவார்கள்.

நதேஜ் வாக்கியத்தைக் கேட்கவில்லை. அர்த்தத்தைக் கேட்டாள். கோபப்பட ஒரு ஆள் இருக்கிறாளா, இல்லை அதற்கும் ஆள் இல்லையா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரியும் என்று சொன்னால், ஒரு கிழவியை வெறுத்தபடி மீதி நாளை ஓட்டலாம். தெரியாது என்று சொன்னால், புருஷன் செத்தது ஒரு வெண்ணெய்க் கத்தியால், ஒரு துடைக்கிற பழக்கத்தால், நான் எடுத்து வைத்த கைபேசியால். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

முடிவை எழுத எனக்கு உரிமை இல்லை என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். எழுதத் திராணி இல்லை. இதுவரை கூடவே வந்தீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்குத் தெரியும், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நேரம் உட்பட. ஐந்தாம் பகுதியில் இரண்டு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக விட்டிருக்கிறேன். ஒன்றை அடித்துவிடுங்கள். பேனாவால் அடியுங்கள், பென்சில் வேண்டாம்.

அடித்த பிறகு, போய் நதேஜிடம் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். பேக்கரிக்கு மேல்மாடி, பச்சைக் கதவு. அழைப்பு மணி வேலை செய்யாது, தட்ட வேண்டும். தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும். இப்போதெல்லாம் அவள் எழுந்து வர நேரமாகிறது.